காற்றாலையைச் சுற்றவைப்பது இருக்கட்டும், நிறுத்துவது எப்படி?

சொந்தமாகக் காற்றாலை செய்யப்போகிறேன் என்று யாராவது சொன்னால் எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருக்கும். மரத்தைச் செதுக்கி இறக்கை செய்து, கம்பி சுற்றி, காந்தம் பதித்து, அது முதல்முறை சுற்றி ஒரு பல்பு எரிவதைப் பார்ப்பது பெரிய விஷயம். ஆனால் பேச்சு எப்போதும் எத்தனை வாட், எத்தனை வோல்ட் என்றே போகிறது. புயல் அடிக்கும் ராத்திரியில் இதை எப்படி நிறுத்துவீர்கள், எப்படிக் கீழே இறக்குவீர்கள் என்று கேட்டால் பலரிடம் பதில் இல்லை. வால் இருக்கிறது, தானாகத் திரும்பிக்கொள்ளும் என்பார்கள். அவ்வளவு காற்றெல்லாம் வராது என்பார்கள். இந்தப் பதிவு முழுக்க அந்தக் கேள்வியைப் பற்றித்தான். நிறுத்தவும் இறக்கவும் வழி செய்யாத காற்றாலையை மேலே ஏற்றவே கூடாது என்பது என் கட்சி, அதில் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

கணக்கிலிருந்து தொடங்குகிறேன். காற்றிலுள்ள சக்தி அதன் வேகத்தின் மும்மடியில் ஏறும். வேகம் இரண்டு மடங்கானால் சக்தி எட்டு மடங்கு, மூன்று மடங்கானால் இருபத்தேழு மடங்கு. 3 மீட்டர் விட்டமுள்ள ஒரு சுழலியை எடுத்துக்கொள்ளுங்கள், வீட்டில் செய்கிறவர்கள் பலரும் ஆசைப்படும் அளவு அது. இறக்கைகள் சுற்றும் வட்டத்தின் பரப்பு சுமார் 7 சதுர மீட்டர். வினாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் இதமாக வீசும் காற்றில் அந்த வட்டத்துக்குள் நுழையும் சக்தி ஏறக்குறைய 540 வாட். 10 மீட்டர் காற்றில் 4,300 வாட். 20 மீட்டர் காற்றில் 34,000 வாட்டைத் தாண்டிவிடும். 30 மீட்டரில், அதாவது மணிக்கு 108 கிலோமீட்டர் காற்றில், 1,17,000 வாட். இதில் 59.3 சதவீதத்துக்கு மேல் எந்தக் காற்றாலையாலும் எடுக்க முடியாது, பெட்ஸ் வரம்பு என்று சொல்வது அதைத்தான். நாம் செய்வது 30 சதவீதம் எடுத்தாலே நல்ல வேலை. சரி, 30 என்றே வைத்துக்கொள்வோம். உங்கள் ஜெனரேட்டர் தாங்குவது 1,000 வாட், 20 மீட்டர் காற்றில் இறக்கைகள் பிடிப்பதோ 10,000 வாட். மீதி 9,000 வாட் எங்கே போகும்? ஜெனரேட்டருக்குள் சுற்றியிருக்கும் கம்பியை, அதாவது காயிலைச் சுடவைக்கும், இல்லையென்றால் சுழற்சியை இன்னும் வேகமாக்கும், பெரும்பாலும் முதலில் அதைச் செய்து பிறகு இதைச் செய்யும்.

வேகம் ஏறினால் என்ன ஆகும் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. நன்றாகச் செதுக்கிய மூன்று இறக்கைச் சுழலியின் நுனி, காற்றைப் போல ஏழு மடங்கு வேகத்தில் போகும். 10 மீட்டர் காற்றில் நுனி வேகம் வினாடிக்கு 70 மீட்டர், மணிக்கு 250 கிலோமீட்டர், சுற்று நிமிடத்துக்கு சுமார் 450. இறக்கை ஒன்று 2 கிலோ எடை, அதன் எடைமையம் அச்சிலிருந்து அரை மீட்டரில் இருக்கிறது என்றால், அது வெளியே பறந்துபோகப் பார்க்கும் விசை 220 கிலோவுக்குச் சமம். இது சாதாரண நாளில், எல்லாம் ஒழுங்காக நடக்கும்போது! சுமை கழன்றுபோய்ச் சுற்று இரட்டிப்பானால் அதே இறக்கையின் அடிப்பாகத்தை 880 கிலோ இழுக்கும். இறக்கையை மையத்தோடு பிடித்துவைத்திருக்கும் அந்த நாலைந்து போல்ட்டுகளைச் சுற்றியுள்ள மரம் இதைத் தாங்குமா என்று பட்டறை மேஜையில் இருக்கும்போதே யோசித்துவிட வேண்டும்.

இதோடு காற்று சுழலியைப் பின்னுக்குத் தள்ளும் விசையும் உண்டு. இது மும்மடி இல்லை, இருமடி. 3 மீட்டர் சுழலிக்கு 10 மீட்டர் காற்றில் சுமார் 40 கிலோ. 30 மீட்டர் காற்றில், முகம் திருப்பாமல் சுற்றிக்கொண்டே இருந்தால், 350 கிலோ. அதே 30 மீட்டர் காற்றில் சுழலி நின்றுபோய் இருந்தால் காற்று மோதுவது மூன்று இறக்கைகளின் மரத்தின் மேல் மட்டும்தான், விசை ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகிவிடும். சுற்றும் இறக்கைகள் காற்றுக்கு முழு வட்டத்தையும் அடைத்துக்கொண்டு நிற்கின்றன, நிற்கும் இறக்கைகளின் இடைவெளியில் காற்று போய்விடுகிறது. நிறுத்துவதைப் பற்றி நான் இவ்வளவு பிடிவாதமாகப் பேசக் காரணம் இதுதான். கம்பம், அதைப் பக்கங்களில் இழுத்துக்கட்டும் ஸ்டே கம்பிகள், தரையிலுள்ள நங்கூரம், எல்லாவற்றின் பாரமும் அந்த ஒரு காரியத்தால் இறங்கிவிடுகிறது.

இது புதிய பிரச்சினையும் இல்லை. பழைய ஆலைகளில் காற்று ஏறினால் ஆள் போய்ப் பாய்த்துணியைச் சுருட்ட வேண்டும். 1854இல் அமெரிக்காவில் கனெக்டிகட்டைச் சேர்ந்த டேனியல் ஹாலடே, காற்றுக்கேற்பத் தானே திரும்பித் தன் வேகத்தைத் தானே கட்டுப்படுத்தும் தண்ணீர் இறைக்கும் காற்றாலைக்குக் காப்புரிமை வாங்கினார். ஆள் பக்கத்திலேயே காத்துக்கிடக்க வேண்டாம் என்பதுதான் அதன் சிறப்பு. மின்சாரம் தயாரிக்கும் காற்றாலைகள் வருவதற்கு முன்பே இந்தத் தொழிலின் கையைக் கட்டிப்போட்ட கேள்வி வேகத்தை அடக்குவதுதான்.

இனி மின்சாரப் பக்கம். நிரந்தரக் காந்த ஜெனரேட்டர் என்றால் இறக்கைகளை அடக்கிவைத்திருப்பதே அது இழுக்கும் கரண்ட்தான். பேட்டரிக்குக் கரண்ட் போய்க்கொண்டிருக்கும் வரை சுழற்சிக்கு ஒரு எதிர்ப்பு இருக்கும். ஒயர் கழன்றாலோ, ஃபியூஸ் போனாலோ, யாராவது பேட்டரி டெர்மினலைக் கழற்றினாலோ அந்த எதிர்ப்பு ஒரே நொடியில் காணாமல் போகும், சுழலி பறக்க ஆரம்பிக்கும். சூரிய மின்தகட்டில் வேலை செய்து பழகியவர்கள் தடுமாறுவது இங்கேதான். தகட்டின் ஒயரைக் கழற்றிவிட்டால் அது சும்மா வெயிலில் கிடக்கும், ஒன்றும் ஆகாது. சோலார் சார்ஜ் கன்ட்ரோலரும் அதையே செய்கிறது, பேட்டரி நிறைந்தால் தகட்டைத் துண்டித்துவிடும். அதே கன்ட்ரோலரைக் காற்றாலைக்கு மாட்டினால், பேட்டரி நிறைந்த நேரத்தில், அதாவது நல்ல காற்று அடிக்கும் நேரத்தில் பார்த்து, அது சுமையைக் கழற்றிவிடுகிறது. அப்புறம் வோல்ட்டேஜும் சுற்றோடு சேர்ந்து ஏறும். 24 வோல்ட் அமைப்பு என்று நினைத்துக் கை வைப்பீர்கள், சுமையில்லாமல் பறக்கும் ஜெனரேட்டரில் 100 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். கன்ட்ரோலர் எரியும், இன்வெர்ட்டர் எரியும், ஆளுக்கு ஷாக்கும் அடிக்கும்.

காற்றாலைக்கு வேண்டியது துண்டிக்கிற கன்ட்ரோலர் இல்லை, திருப்பிவிடுகிற கன்ட்ரோலர். பேட்டரி நிறைந்ததும் மிச்சக் கரண்ட்டை டம்ப் லோடு என்கிற ஹீட்டர் கம்பிக்கோ தண்ணீர் சுடவைக்கும் காயிலுக்கோ அனுப்ப வேண்டும். அந்த டம்ப் லோடு, ஜெனரேட்டர் தன் உச்சத்தில் தரும் வாட் முழுவதையும் மணிக்கணக்காக வாங்கக்கூடியதாக இருக்க வேண்டும், கொஞ்சம் கூடுதலாகவே இருக்கட்டும். அது பழுக்கச் சூடாகும், அதனால் மரச்சுவரில், பேட்டரிக்குப் பக்கத்தில், பழைய சாக்கு போட்டுவைக்கும் மூலையில் எல்லாம் மாட்டாதீர்கள். அமில பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வரும் என்பதையும் இதோடு சேர்த்து யோசியுங்கள். பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்கு மிக அருகில் டிசி ஃபியூஸ் கட்டாயம். டிசி என்று அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் ஏசி கரண்ட் வினாடிக்குப் பல தடவை பூஜ்யத்தைத் தொடுவதால் சுவிட்ச் திறக்கும்போது தீப்பொறி அணைந்துவிடும், டிசி பூஜ்யத்துக்கே வராது, பொறி நீண்டு எரிந்துகொண்டே இருக்கும். வீட்டு விளக்குக்குப் போடும் சுவிட்சை அங்கே போட்டால் தீப்பிடிக்கத்தான் வழி.

பிரேக் சுவிட்ச் என்பது ஜெனரேட்டரிலிருந்து வரும் மூன்று ஒயர்களையும் ஒன்றோடொன்று சேர்த்துவிடும் சுவிட்ச். ஏசியை டிசியாக மாற்றும் ரெக்டிஃபயருக்கு முன்னால், ஏசி பக்கத்தில் இருக்க வேண்டும். மூன்றும் சேர்ந்ததும் ஜெனரேட்டர் தன் கரண்ட்டைத் தன்னுள்ளேயே ஓட்டிக்கொண்டு இறுகிவிடும், இறக்கைகள் மெதுவாக ஊர்வதோடு சரி. மிக நல்ல ஏற்பாடு, ஆனால் இதைக் காற்று ஏறுவதற்கு முன் போட வேண்டும். சுழலி ஏற்கெனவே முழுவேகத்தில் ஓடும்போது போட்டால் இறக்கைகளில் இருக்கும் பலம் ஜெனரேட்டரின் பிடியைவிட அதிகமாக இருக்கலாம், அப்போது அது நிற்காமல் தொடர்ந்து சுற்றும், அத்தனை சக்தியும் காயிலில் சூடாக மாறி கம்பியின் எனாமல் பூச்சு எரிந்து, அதைப் பதித்த ரெசின் பசை புகையும். காயில் எரிந்து அறுந்துவிட்டால் பிரேக்கும் போச்சு, சுமையும் போச்சு. இரும்புக் கருவுள்ள மோட்டாரை ஜெனரேட்டராக மாற்றியவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும், அவற்றின் பிடி ஒரு வேகம் வரை கூடிப் பிறகு குறையத் தொடங்கும், அந்த வேகத்தைத் தாண்டிவிட்ட பிறகு சுவிட்ச் போட்டுப் பயன் இல்லை. எப்படியும் வேறு வழியே இல்லாமல் காற்றில் போடத்தான் வேண்டும் என்றால், இரண்டு வீச்சுக்கு நடுவில் காற்று கொஞ்சம் ஓயும் நேரம் பார்த்துப் போடுங்கள்.

வாலைப் பற்றி. வீட்டுக் காற்றாலைகளில் அதிகம் பயன்படும் பாதுகாப்பு இது, அழகான யோசனையும்கூட. சுழலியைக் கம்பத்தின் நடுஅச்சுக்கு நேராக வைக்காமல் சில அங்குலம் பக்கவாட்டில் வைப்பார்கள். காற்று தள்ளும்போது அது எப்போதும் ஒரு பக்கம் திரும்பப் பார்க்கும், வால் அதைத் திரும்பவிடாமல் பிடித்து நிற்கும். வாலின் கீலைச் சாய்வாக வெல்டு செய்திருப்பதால் வால் மடங்க வேண்டுமானால் கொஞ்சம் மேலே எழவேண்டும். சாதாரணக் காற்றில் வாலின் எடை ஜெயிக்கும், பலத்த காற்றில் தள்ளுவிசை ஜெயித்து வால் எழுந்து மடங்கிச் சுழலி பக்கவாட்டில் திரும்பிவிடும், காற்று குறைந்ததும் வால் தன் எடையால் இறங்கிப் பழைய நிலைக்கு வரும். ஸ்பிரிங் இல்லை, எலெக்ட்ரானிக்ஸ் இல்லை.

ஆனால் இது வாலின் எடையை நம்பி நடக்கிறது, அதனால் வாலில் கை வைப்பது ஆபத்து. இன்னும் கொஞ்சம் வாட் வரட்டும் என்று வாலில் இரும்புத் துண்டு கட்டித் தொங்கவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். வாட் வரும்தான், மடங்கவேண்டிய காற்றில் மடங்காமல் நின்று காயிலை எரிக்கவும் செய்யும். கீல் துருப்பிடித்து இறுகினாலும் அதே கதிதான், வருடத்துக்கு ஒருமுறையாவது கழற்றிக் கிரீஸ் வையுங்கள். வால் இரண்டு பக்கமும் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு வலுவான தடுப்பு வேண்டும். ஒரு பக்கத் தடுப்பு இல்லையென்றால் மடங்கும் வால் நேராக இறக்கைகளுக்குள் போய் அடிக்கும். புயலில் விழுந்த ஒரு நண்பரின் காற்றாலையை நான் பார்க்கப் போனபோது இறக்கை மூன்றும் ஒரே உயரத்தில் வெட்டியதுபோல் உடைந்திருந்தன, வால் தகட்டின் விளிம்பில் மரத்தூள் ஒட்டியிருந்தது. தடுப்பின் வெல்டிங் விட்டுப்போயிருக்கிறது. அங்கிருந்துதான் எல்லாம் தொடங்கியிருக்கிறது, இறக்கை போனதும் ஆட்டம் எடுத்துக் கம்பமும் வளைந்துவிட்டது.

செங்குத்து அச்சில் சுற்றும் வகைகளுக்கு மடங்கும் வால் என்ற பேச்சே இல்லை, எந்தப் பக்கம் காற்று வந்தாலும் சுற்றும் என்பதால் காற்றிலிருந்து முகத்தைத் திருப்பவும் வழி இல்லை. அதைச் செய்கிறவர்கள் பிரேக்கில் இரண்டு மடங்கு அக்கறை காட்ட வேண்டும்.

இறக்கைக்கு வருவோம். பிவிசி குழாயை நீளவாக்கில் வெட்டிச் செய்வது சுலபம், காற்றாலை எப்படி வேலை செய்கிறது என்று பிள்ளைகளுக்குக் காட்ட நல்லது. மனிதர்கள் நடமாடும் இடத்தில் வருடக்கணக்கில் சுற்றவிட நான் சம்மதிக்க மாட்டேன். வெயிலில் அந்தப் பிளாஸ்டிக் நொறுங்கும் தன்மைக்குப் போய்விடும், ஓயாமல் வளைந்து வளைந்து அடிப்பாகத்தில் விரிசல் விடும், உடையும்போது கூரான சில்லுகளாகப் பறக்கும். மரம் இந்த விஷயத்தில் மேல், வளைந்து நிமிர்ந்து பழகிய பொருள் அது. முடிச்சு இல்லாத, நார் நேராக ஓடும் பலகையாகப் பாருங்கள். மரத்துக்கு எதிரி தண்ணீர். மழைத்துளியும் தூசியும் 250 கிலோமீட்டர் வேகத்தில் முன்விளிம்பில் மோதும்போது பெயின்ட் சுரண்டப்பட்டு மரம் தெரியும், அந்த இடத்தில் தண்ணீர் இறங்கும், ஒரு இறக்கை மட்டும் கனத்துச் சமநிலை கெடும். அதனால் முன்விளிம்புக்குத் தடித்த டேப் அல்லது எபாக்சிப் பூச்சு போட்டு, தேய்ந்தால் உடனே புதுப்பிக்க வேண்டும். கம்பத்தைக் கையால் தொட்டால் சுற்றுக்கு ஒருமுறை உதறல் தெரிகிறதா, அன்றைக்கே நிறுத்திப் பாருங்கள். இன்னொன்று, இரண்டு இறக்கை போதும் என்று நிறுத்திக்கொள்ளாதீர்கள். காற்று திசை மாறும்போது சுழலி திரும்ப வேண்டும், இரண்டு இறக்கைச் சுழலி ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு தடவை உதறிக்கொண்டேதான் திரும்பும். புயலில் திசை நிமிடத்துக்கு நிமிடம் மாறும். மூன்று இறக்கையில் அந்த உதறல் இல்லை.

காந்தங்களைப் பற்றிச் சுருக்கமாக. நியோடிமியம் காந்தத்துக்கு ஈரம் ஆகாது, நிக்கல் பூச்சு உரிந்தால் துருவேறி உப்பிக் காயிலில் உரசும். பசையை மட்டும் நம்பி ஒட்டினால் வேகத்தில் பறந்துவிடும், ரெசினில் முழுதாகப் பதித்து வெளிவிளிம்பைச் சுற்றிப் பட்டையும் போடுங்கள். சாதாரண ரகங்கள் 80 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் காந்தத்தன்மையை இழக்கத் தொடங்கும். இரண்டு காந்தத் தட்டுகளைச் சேர்க்கும்போது கையால் பிடித்து இறக்கவே கூடாது, திருகுக்கம்பி வைத்து மெல்ல இறக்க வேண்டும், நடுவில் மாட்டினால் விரல் எலும்பு நொறுங்கும். பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்களைக் கிட்டவே விடாதீர்கள்.

நான் அதிகம் சொல்ல விரும்புவது கம்பத்தைப் பற்றி. வீட்டுக் கூரையில், மாடிச் சுவரில் மாட்டுகிறவர்களிடம் என் வேண்டுகோள், தயவுசெய்து வேண்டாம். கூரையை ஒட்டிய காற்று கலங்கிய காற்று, மின்சாரமும் சரியாக வராது, அதிர்வு சுவருக்குள் இறங்கும், உடைந்தால் கீழே இருப்பது உங்கள் குடும்பம். தனிக் கம்பமாகத் தரையில் நடுங்கள், சுற்றிலும் 100 மீட்டருக்குள் இருக்கும் மரம், கட்டிடம் எல்லாவற்றையும்விட 10 மீட்டராவது உயரமாக. விழுந்தால் மின்கம்பியையோ பாதையையோ அடுத்தவர் வீட்டையோ தொடாத தூரத்தில்.

ஸ்டே கம்பி கட்டிய கம்பம்தான் நமக்குச் சரி. கம்பத்தின் அடியிலிருந்து நங்கூரம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதை வைத்துத்தான் எல்லாம். முன்பு சொன்ன 350 கிலோ தள்ளுவிசையை ஒரே கம்பி தாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். நங்கூரம் கம்பத்தின் உயரமளவு தூரத்தில் இருந்தால் கம்பியில் இழுவை சுமார் 500 கிலோ, நங்கூரத்தை மேலே பிடுங்கப் பார்க்கும் விசை 350 கிலோ. இடம் இல்லை என்று பாதித் தூரத்தில் வைத்தால் கம்பியில் 780 கிலோ, மேலே பிடுங்குவது 700 கிலோ. அந்த 700 கிலோவைக் கான்கிரீட்டின் எடையால் மட்டும் அமுக்க வேண்டுமென்றால் 0.3 கன மீட்டர் வேண்டும், பாதுகாப்புக்கு இரண்டு மடங்கு போடுங்கள். இப்போது மழையைச் சேருங்கள். புயல் பெரும்பாலும் மழையோடுதான் வருகிறது, தரை ஊறிக் குழியில் தண்ணீர் நின்றுவிட்டால் கன மீட்டருக்கு 2,400 கிலோ எடையுள்ள கான்கிரீட் மிதப்புவிசையால் 1,400 கிலோ போலத்தான் கனக்கும், சுற்றியுள்ள மண்ணின் பிடியும் தளர்ந்துபோகும். வெயில்காலத்தில் இழுத்துப் பார்த்து அசையவில்லை என்று திருப்திப்பட்ட நங்கூரம் அந்த ஒரு ராத்திரியில் பிடுங்கிக்கொண்டு வருவது இப்படித்தான். தரையில் அடித்த கோண இரும்பை நம்புகிறவர்கள் இந்தப் பத்தியை இன்னொரு முறை படியுங்கள்.

கம்பியை மடக்கிப் போடும் யூ கிளிப்பில் ஒரு நுணுக்கம் உண்டு, தெரியாமல் தலைகீழாகப் போட்டிருப்பதைப் பல இடங்களில் பார்க்கிறேன். பள்ளமுள்ள தட்டைப் பாகம் பாரம் தாங்கும் நீளக் கம்பியின் பக்கம் இருக்க வேண்டும், வளைந்த யூ கம்பி மடக்கிவந்த சின்ன முனையின் மேல் வர வேண்டும். மாற்றிப் போட்டால் பாரம் தாங்கும் கம்பியையே அது நசுக்கும். ஒவ்வொரு முனைக்கும் குறைந்தது மூன்று கிளிப். பாரம் ஏறியதும் கம்பி கொஞ்சம் மெலியும் என்பதால் சில நாள் கழித்து நட்டுகளை மறுபடி இறுக்குங்கள். கம்பியை இறுக்கும் திருகான டர்ன்பக்கிளின் இரண்டு கண்களுக்குள்ளும் ஒரு துண்டுக் கம்பியை ஓட்டிக் கட்டிவிடுங்கள், அதிர்வில் அது தானாகக் கழலாமல் இருக்கும். நாலு பக்கமும் கம்பி இருந்தால் கம்பத்தைச் சாய்க்கும்போது பக்கவாட்டுக் கம்பிகள் பிடித்துக்கொள்ளும், அதனால் மூன்றைவிட நாலு நல்லது.

கம்பத்தின் அடியில் கீல் வைத்துச் சாய்க்கும்படி செய்யுங்கள். ஏறிப்போய் வேலை செய்யவேண்டிய கம்பத்தில் புயலுக்கு முன்னால் யாரும் ஏறமாட்டார்கள், ஏறவும் கூடாது. சாய்ப்பதற்கு ஜின் போல் என்கிற துணைக்கம்பம், அதிலிருந்து கையால் சுற்றிக் கம்பியை இழுக்கும் கைவிஞ்ச். வண்டியில் கட்டி இழுப்பதைப் பலர் செய்கிறார்கள், ஓட்டுகிறவருக்குக் கம்பம் தெரியாது, ஒரு நொடி கிளட்ச் தவறினால் போதும். கைவிஞ்ச் மெதுவானது, அந்த மெதுதான் நமக்கு வேண்டும். ஏற்றும்போதும் இறக்கும்போதும் கம்பம் எந்தப் பக்கம் விழுந்தாலும் எட்டாத தூரத்தில் எல்லோரும் நிற்க வேண்டும், ஒருவர் மட்டும் சத்தம் கொடுக்க வேண்டும், கம்பம் நேராகி நடுவைத் தாண்டும் அந்த இடத்தில் இழுகம்பி தளர்ந்து மறுபக்கம் சாய்ந்துவிடாதபடி எதிர்ப்பக்கக் கம்பி முன்பே கட்டியிருக்க வேண்டும்.

சரி, எப்போது இறக்குவது? வானத்தைப் பார்த்து முடிவு செய்தால் தாமதம்தான் ஆகும். காற்றின் பலத்தை நிலைகளாகப் பிரிக்கும் பியூஃபோர்ட் அளவுகோலில் 8ஆம் நிலை மணிக்கு 62 கிலோமீட்டரில் தொடங்குகிறது, 10ஆம் நிலை 89இல், 12ஆம் நிலை 118இல். வானிலை அறிக்கையில் வருவது சராசரி வேகம், வீச்சு அதைவிட ஒன்றரை மடங்கு வரை போகும். சிறிய காற்றாலைகளுக்கான ஐஇசி 61400-2 என்ற சர்வதேசத் தரத்திலேயே, மூன்றாம் வகுப்புக் காற்றாலைக்குப் பத்து நிமிடச் சராசரியாக வினாடிக்கு 37.5 மீட்டரும் வீச்சாக 52.5 மீட்டரும் தாங்கும்படி வடிவமைக்கச் சொல்கிறார்கள். நாம் பட்டறையில் வெல்டு செய்தது எதையும் அப்படிச் சோதித்திருக்க மாட்டோம். அதனால் என் வழக்கம் இது, அறிக்கையில் 60 கிலோமீட்டர் என்ற எண் வந்துவிட்டால் விவாதமே கிடையாது, காற்று இன்னும் இதமாக இருக்கும்போதே பிரேக் போட்டு, கம்பத்தைச் சாய்த்து, இறக்கைகளைக் கயிற்றால் கம்பத்தோடு கட்டிவிட வேண்டும். நல்ல மின்சாரம் வரும் நேரம், இன்னும் இரண்டு மணிநேரம் ஓடட்டும் என்ற ஆசை வரும். பாதிச் சாய்வில் கம்பம் இருக்கும்போது காற்று ஏறிவிட்டால் அதைவிட மோசமான நிலை வேறு இல்லை, பக்கவாட்டு வீச்சு நேராகக் கீலை முறுக்கும்.

இறக்காமல் விட்டு, காற்றும் ஏறிவிட்டதா? கிட்டே போகாதீர்கள். போனால் போகட்டும். பிரேக் சுவிட்ச் வீட்டுக்குள் எட்டும் இடத்தில் இருந்தால் போட்டுப் பாருங்கள், அது கம்பத்தின் அடியில் இருந்தால் விட்டுவிடுங்கள். வேகம் பிடித்த சுழலியிலிருந்து பிய்ந்த நுனி 100 மீட்டரைத் தாண்டிப் பறக்க முடியும். பெரிய இயந்திரங்களுக்கே இது நடந்திருக்கிறது. அமெரிக்காவின் வெர்மான்டில் 1941இல் ஓடத் தொடங்கிய 1,250 கிலோவாட் ஸ்மித் புட்னம் காற்றாலையின் ஓர் இறக்கை 1945 மார்ச் 26 அன்று பிய்ந்து இருநூறு மீட்டருக்கு மேல் தள்ளிப் போய் விழுந்தது, அதன் எடை சுமார் 8 டன். அடிப்பாகம் பலவீனமாக இருப்பது முன்பே தெரியும், போர்க்காலத் தட்டுப்பாட்டில் சரிசெய்ய முடியாமல் ஓட்டியிருந்தார்கள். டென்மார்க்கில் ஹோர்ன்ஸ்லெட் அருகே 2008 பிப்ரவரி 22 அன்று புயலில் பிரேக் செயலிழந்த ஒரு காற்றாலை கட்டுமீறிச் சுற்றி, இறக்கை உடைந்து தன் கோபுரத்தையே அடித்து நொறுக்கியது. ஆட்களை முன்கூட்டியே தூரத்தில் நிறுத்தியிருந்ததால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அங்கே இருந்த பொறியாளர்களாலேயே அதன்பின் நிறுத்த முடியவில்லை என்பதை நினைவில் வையுங்கள்.

சூறாவளியின் கண் தலைக்கு மேல் வந்தால் காற்று திடீரென்று அடங்கிவிடும். முடிந்தது என்று நினைத்து வெளியே போய்க் கம்பியை இறுக்கத் தோன்றும். சற்று நேரத்தில் நேரெதிர்த் திசையிலிருந்து அதே பலத்தோடு அடிக்கும், அதுவரை தளர்ந்து கிடந்த பக்கத்துக் கம்பிகள் ஒரே வெட்டில் பாரம் ஏற்கும். அறிக்கையில் கடந்துவிட்டது என்று சொல்லும் வரை உள்ளேயே இருங்கள்.

மறுநாள் விழாமல் நிற்கிறது என்பதாலேயே ஓடவிட்டுவிடாதீர்கள். இறக்கி வையுங்கள். இறக்கையின் அடிப்பாகத்தில் நகத்தை ஓட்டி மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள், போல்ட் துளைகள் நீண்டிருக்கின்றனவா, வால் கீலின் வெல்டிங்கில் துருக்கோடு ஓடுகிறதா, கிளிப்புகளில் கம்பி நழுவிய பளபளப்பு தெரிகிறதா, நங்கூரத்தைச் சுற்றி மண்ணில் பிளவு இருக்கிறதா. ஜெனரேட்டரைச் சோதிக்கக் கருவி எதுவும் வேண்டாம். மூன்று ஒயர்களையும் பிரித்துவிட்டுக் கையால் சுற்றினால் தங்குதடையின்றிச் சுற்ற வேண்டும். மூன்றையும் சேர்த்துச் சுற்றினால் ஒரே சீராக இறுக வேண்டும். சேர்த்தபோது விட்டுவிட்டு இறுகினால் ஒரு ஃபேஸ் போய்விட்டது, அந்தப் பிரேக்கை இனி நம்ப முடியாது. பிரித்தபோதும் இறுக்கம் இருந்தால் காயில் உள்ளே ஷார்ட் ஆகியிருக்கும், இல்லையென்றால் பேரிங்கைப் பாருங்கள். கம்பத்தின் எர்த் கம்பியும் நங்கூரங்களின் எர்த்தும் அறுந்திருக்கிறதா என்று இதோடு சேர்த்துப் பார்த்துவிடுங்கள், இடிக்கு உயரமாக நிற்பது அந்தக் கம்பம்தான்.

இப்போது உங்கள் காற்றாலை மேலே சுற்றிக்கொண்டிருக்கிறது என்றால், காற்றில்லாத ஒரு நாளாகப் பார்த்து ஒருமுறை முழுதாக இறக்கி ஏற்றுங்கள், நீங்கள் ஊரில் இல்லாதபோது வீட்டில் யார் இருப்பார்களோ அவர்களையும் கூட வைத்துக்கொண்டு. எந்தச் சுவிட்சை முதலில் போட வேண்டும், பேட்டரியை ஏன் தொடக்கூடாது, யாருக்குக் கூப்பிட வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிச் சுவிட்சுக்குப் பக்கத்திலேயே ஒட்டுங்கள். எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்து அதையும் அந்தத் தாளில் குறித்துவிடுங்கள். எச்சரிக்கை வந்தபின் அந்த நேரத்தைப் போல இரண்டு மடங்காவது கையில் இருக்கும்போது வேலையைத் தொடங்க வேண்டும்.